நகைச்சுவை மிகுந்த ரீஜென்சி காதல் நாவல்கள் நம்மை ஏன் ஈர்க்கின்றன?

காட்பாடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டத்தில் அடுத்து எந்த நூலை எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, ரீஜென்சி காலத்தை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தை, களமாகக் கொண்ட நகைச்சுவைக் காதல் நாவல் ஒன்றை எடுக்கலாம் என்று நான் சொன்னேன். பிரபுக்களும் நடன விருந்துகளும் நிறைந்த அந்தக் கதைகளில் நாம் கூடிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அவர் அறிய விரும்பித்தான் கேட்டார்; எனக்குத்தான் கோவையாக விடை சொல்ல இயலவில்லை.

யார் யாரை மணப்பார் என்பது பெரும்பாலும் முதல் சில அத்தியாயங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இந்நாவல்களை இரவு வெகுநேரம் விழித்திருந்து படிக்கிறேன், வாய்விட்டுச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? சிரித்து முடித்த பின் கையில் ஏதேனும் நிற்கிறதா? வட்டத்தில் எந்த நூலிலிருந்து தொடங்குவது நல்லது? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, வணக்கம். என்னைக் கேட்டால், அந்த நாவல்களில் சிரிப்பைப் பிறப்பிப்பவை அக்காலத்து விதிகளே. பிரபுக்களும் மாளிகைகளும் அவ்விதிகள் நடமாடுவதற்கான இடங்கள் மட்டுமே.

அரசர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்று ஆளும் நிலையை இழந்ததால், அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரி முதல் 1820 ஜனவரி வரை தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை வகித்தார். கண்டிப்பான பொருளில் அந்த ஒன்பது ஆண்டுகளே ரீஜென்சி காலம். அன்றைய மேல்தட்டில், மணமாகாத இளம்பெண் துணையின்றி லண்டன் தெருக்களில் நடக்கக் கூடாது; முறைப்படி அறிமுகம் செய்துவைக்கப்படாத ஆணுடன் நடனமாடக் கூடாது. லண்டனில் இருந்த அல்மாக்ஸ் என்ற அரங்கின் புதன்கிழமை நடனங்களுக்குள் நுழைய வேண்டுமானால் அதை நிர்வகித்த சீமாட்டிகளின் ஒப்புதல் வேண்டும். எவ்வளவு செல்வம் இருந்தாலும் அவர்கள் மறுத்துவிட்டால் கதவு திறக்காது. இவ்வளவு பாடுபட்டு உள்ளே சென்றவர்களுக்கு அங்கே கிடைத்தது ரொட்டியும் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் போன்ற எளிய சிற்றுண்டியே என்பதையும் நாவலாசிரியர்கள் விட்டுவைப்பதில்லை.

ஓடிப்போய் மணம் புரிவதற்குக்கூட ஒரு வழித்தடம் இருந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் இசைவின்றி மணப்பதை இங்கிலாந்தின் 1753ஆம் ஆண்டுச் சட்டம் கடினமாக்கியது. ஸ்காட்லாந்தில் அச்சட்டம் செல்லாது. ஆகையால் எல்லையைக் கடந்ததும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூரை நோக்கிக் காதலர்கள் குதிரை வண்டியில் விரைவதும், பெண்ணின் தந்தையோ தமையனோ இன்னொரு வண்டியில் துரத்துவதும், நடுவழியில் மழையும் முறிந்த சக்கரமும் இருவரையும் ஒரே விடுதியில் கொண்டுவந்து சேர்ப்பதும் இவ்வகைக் கதைகளில் அலுக்காத காட்சிகளாயின. எதைச் செய்தாலும் யாரும் பொருட்படுத்தாத உலகில் இந்த நகைச்சுவைக்கு இடமே இல்லை. நடனத்தில் ஒருவர் தவறான கையைப் பற்றினாலே ஊர் பேசும் என்ற நிலையில்தான் சிறு சறுக்கலும் பெரிய நிகழ்ச்சியாகிறது.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தாம் வாழ்ந்த காலத்தை எழுதினார். அவருக்கு நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து அக்காலத்தை ஏட்டிலிருந்து திரும்பக் கட்டி, ரீஜென்சி காதலைத் தனி வகையாக நிலைநிறுத்தியவர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974). ஆடை, வண்டி, கொச்சைச் சொற்கள் என்று அனைத்தையும் குறிப்பேடுகளில் சேகரித்து எழுதியவர் அவர். 1953இல் வெளிவந்த ‘கொட்டிலியன்’ நாவலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வளர்ப்புத் தந்தையான கருமி ஒருவர், தம் உறவினர் மகன்களில் ஒருவரை மணந்தால்தான் சொத்து என்று பெண்ணிடம் சொல்லிவிடுகிறார். அவளோ லண்டனைப் பார்க்கும் ஆசையில் பிரெடி என்ற சாது இளைஞனை அழைத்துப் பொய்யாக நிச்சயம் செய்துகொள்கிறாள். நாம் நாயகன் என்று நம்பியிருக்கும் அழகனை ஆசிரியர் சிறிது சிறிதாக ஒதுக்கி, அறிவு குறைந்தவன் என்று எல்லோரும் நினைத்த பிரெடியை, எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை அறிந்த ஒரே மனிதனாக உயர்த்துகிறார். அந்த மாற்றம் முழுவதும் நகைச்சுவையின் வழியாகவே நடக்கிறது.

ராணிப்பேட்டை, வரலாற்று மாணவி

ஆசிரியர் ஐயா விதிகளைப் பற்றிச் சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். அந்த விதிகளுக்குக் கீழே ஓர் அச்சம் ஓடுகிறது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன்; அக்கா கேட்ட இரண்டாம் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மணமான பெண்ணின் கைப்பொருள் அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கணவனுடையதாகிவிடும். 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பிறகுதான் இந்த நிலை மாறியது. பல குடும்பங்களின் நிலம் ஆண் வாரிசுக்கே செல்லும்படி கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1813இல் வெளிவந்த ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலம் இருந்தும், ஐந்து மகள்களுக்கும் அது கிடைக்காது. தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற பாதிரியாருக்கே போய்ச் சேரும். அவர் அம்மகள்களில் ஒருத்தியான எலிசபெத்திடம் வந்து, தாம் ஏன் மணம் புரிய வேண்டும் என்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்திச் சொல்கிறார். அவள் மறுத்தால், அது பெண்களுக்கே உரிய நாணம் என்று எடுத்துக்கொள்கிறார். சிரிக்காமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது. ஆனால் மூன்றே நாட்களுக்குள் அவளுடைய தோழி சார்லட், இருபத்தேழு வயதாகியும் அழகோ சொத்தோ இல்லாதவள், அதே மனிதரைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறாள். சற்று முன் நாம் சிரித்த மனிதர் ஒரு பெண்ணின் வாழ்நாள் பாதுகாப்பாக மாறிவிடுகிறார். நல்ல ரீஜென்சி நகைச்சுவை இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்துகிறது.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அல்ல. ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா, தாய் தந்தையை இழந்து, சீதனம் ஏதும் இல்லாத நிலையில், 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் ஒருவரை மணந்துகொண்டவர். மணமகன் தேடி இளம்பெண்ணை வங்காளத்துக்கு அனுப்பும் செய்தி, ஆஸ்டின் இளமையில் எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையிலும் வருகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ரீஜென்சி தொடங்குவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி அதைக் கொடூரமாக அடக்கினார். பிற்காலத்தவர் எழுதிய ரீஜென்சி கதைகளில் இந்தியாவிலிருந்து பெருஞ்செல்வத்துடன் திரும்பும் மாமா வந்து, நாயகியின் பணத் தொல்லையைத் தீர்த்துவைப்பதுண்டு. அச்செல்வம் யாருடைய மண்ணிலிருந்து சென்றது என்று அந்தக் கதைகள் கேட்பதே இல்லை. ஹேயரின் 1950ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் யூத வட்டிக்கடைக்காரரைச் சித்திரித்துள்ள விதமும் வெறுப்பூட்டுவது. இவற்றை அறிந்துகொண்டே நான் இந்நாவல்களை விரும்புகிறேன். வட்டத்தில் இவற்றையும் பேசினால் வாசிப்பு ஆழமாகும்.

வாலாஜாபேட்டை வாசகி

தங்கை எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆயினும் வரலாறும் சட்டமும் தெரியாத வயதிலேயே இந்நாவல்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. அதற்குக் காரணம் உரையாடல்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வரும்போது என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை சவரன், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சீர்வரிசை என்ன என்றெல்லாம் பெரியவர்களே பேசி முடிப்பார்கள். காபித் தட்டுடன் வந்து நிற்கும் பெண்ணின் கருத்து கடைசியாகத்தான் கேட்கப்படும், பல வீடுகளில் கேட்கப்படாமலும் போகும். ரீஜென்சி கதைகளிலும் ஆண்டு வருமானம் எத்தனை பவுண்டு என்ற பேச்சுதான் முன்னே வருகிறது. ஆனால் அங்கே பெண் வாய் திறந்ததும் கதை திசை மாறுகிறது. அவள் சொல்லும் கூரிய விடை ஒன்றுக்கு மறுமொழி தேடி, தன்னை எல்லோரும் வணங்குவதற்கே பழகிய ஒரு சீமான் திகைத்து நிற்கிறான். அழகைக் கண்டு மயங்கும் நாயகர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பேச்சில் தோற்று, தோற்றதில் மகிழ்ந்து, மறுநாளும் அவளுடன் பேசுவதற்காகவே வரும் ஆண் எனக்கு அரிதாகத் தெரிந்தான். இன்றும் அப்படித்தான் தெரிகிறான்.

முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறோம் என்ற ஐயத்துக்கு விடை நம் வட ஆற்காட்டிலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது தெரியாமலா மக்கள் விடியும் வரை அமர்ந்திருக்கிறார்கள்? கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இன்றைக்கு எந்த இடத்தில் என்ன சொல்லிச் சிரிக்கவைப்பான் என்பதற்காகவும் அமர்ந்திருக்கிறார்கள். முடிவைப் பற்றிய கவலை இல்லாதபோது ஒவ்வொரு வாக்கியத்தின் நயத்தையும் நிதானமாகச் சுவைக்க முடிகிறது.

அண்மைக் காலத்தில் இவ்வகையில் வரும் நூல்களில் பல எனக்கு நிறைவு தருவதில்லை. நாயகி எந்த விதியையும் நினைத்தவுடன் மீறிவிடுகிறாள். அதற்கு விலையாக எதையும் இழப்பதில்லை. இன்றைய பெண்ணுக்கு அக்காலத்து உடையை மாட்டிவிட்டதுபோல் இருக்கிறது. ஐயா சொன்ன விதியும் தங்கை சொன்ன அச்சமும் இல்லாத இடத்தில் உரையாடலின் கூர்மையும் மழுங்கிவிடுகிறது. ஆகவே வட்டத்துக்குப் புதிய நூலைத் தேட வேண்டாம். முதலில் ஆஸ்டின், அடுத்து ஹேயர் என்று வரிசையாகப் போவதே நல்லது.

காட்பாடி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலையே முதலில் எடுப்பதாக முடிவு செய்துள்ளோம். ஆங்கிலத்தில் முழு நூலையும் வாசிக்கத் தயங்குபவர்கள் எங்கள் வட்டத்தில் சிலர் உண்டு. அவர்களுக்காகச் சில பகுதிகளைக் கூட்டத்தில் உரக்க வாசித்துத் தமிழில் விளக்கலாம் என்றிருக்கிறோம். எந்த அத்தியாயங்கள் பொருந்தும்?

குடியாத்தம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

19ஆம் அத்தியாயத்தையும் 22ஆம் அத்தியாயத்தையும் ஒரே கூட்டத்தில் வாசியுங்கள், அம்மா. முன்னதில் காலின்ஸ் எலிசபெத்திடம் பேசுகிறார். பின்னதில் சார்லட் அவரை ஏற்கிறாள். இரண்டுக்கும் நடுவே எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். சார்லட் செய்தது சரியா என்று வட்டத்தினரைக் கேட்டுவிட்டு, அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிடுங்கள்.