விற்கப் போட்ட படத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: அவசர உதவி தேவை

தஞ்சைமகள் | செவ்வாய், பிற்பகல் 3.10

பழைய தேக்கு ஊஞ்சலை விற்க ஒரு செயலியில் விளம்பரம் கொடுத்தேன். ஊர் கும்பகோணம் என்று மட்டும்தான் போட்டேன், தெருப்பெயர்கூட இல்லை. இன்று மதியம் ஒருவர் நேராக வாசலில் வந்து நின்றிருக்கிறார். வீட்டில் அம்மா மட்டும்தான். கையிலிருந்த போனைப் பார்ப்பதும் எங்கள் வேப்பமரத்தை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தாராம். "ஊஞ்சல் இந்த வீடுதானே?" என்றிருக்கிறார். யார் சொன்னது என்று அம்மா கேட்டதற்கு, "படத்திலேயே இருக்கிறதே அம்மா" என்று பதில். நான் அலுவலகத்தில் இருக்கிறேன், கை நடுங்குகிறது. போனில் லொகேஷனை அணைத்துவிட்டேன். அப்படியும் படத்தைத் திறந்தால் வரைபடம் வருகிறது. எப்படி நீக்குவது?

மீனாட்சி_ஆர் | 3.18

அம்மா இப்போது தனியாகவா இருக்கிறார்? முதலில் பக்கத்து வீட்டில் யாரையாவது போய் உட்காரச் சொல்லுங்கள். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செந்தில்_கோவை | 3.21

என்ன போன்? ஆண்ட்ராய்டா, ஐபோனா? விளம்பரத்தில் இருந்த படமா, தனியாக யாருக்காவது அனுப்பிய படமா? இது தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கணினிச்செல்வன் | 3.34

இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்குமே இல்லை. லொகேஷனை இன்று அணைத்தால் இனிமேல் எடுக்கும் படங்களில்தான் இடம் பதியாது. முன்பு எடுத்த படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. எக்ஸிஃப் என்று பெயர். தேதி, நேரம், கேமராவின் மாடல் எல்லாம் அதில்தான் இருக்கும். பாகையைத் தசமத்தில் ஐந்தாம் இடம் வரை எழுதினால் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் கணக்கு. கருவி அத்தனை துல்லியமாக அளக்காது என்றாலும் தெருவையும் வீட்டையும் காட்ட அதுவே போதும். அடிப்படை விஷயம் இது.

பாலு_மன்னை | 3.40

எனக்கு என்னவோ படம் காரணம் என்று தோன்றவில்லை. விளம்பரத்தில் உங்கள் போன் எண் இருந்திருக்கும். எண்ணை வைத்துப் பெயர், பெயரை வைத்து வாக்காளர் பட்டியல், அதில் தெரு. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன், யாரும் கேட்பதில்லை.

ராமநாதன்_ஆசிரியர் | 3.52

மகளே, படத்தின் பின்னணியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். சன்னல் வழியாக எதிர்க்கடைப் பலகையோ கோயில் கோபுரமோ தெரிந்தால் உள்ளூர்க்காரருக்கு அதுவே முகவரி. எங்கள் தெருவில் ஒருவர் பழைய பீரோவைப் படமெடுத்துப் போட்டார். பீரோக் கண்ணாடியில் வாசல் கதவு எண் தெரிந்தது.

தஞ்சைமகள் | 4.05

பக்கத்து வீட்டு அத்தை வந்துவிட்டார். போன் சாம்சங். ஊஞ்சல் கூடத்தில் இருக்கிறது, பின்னால் வெறும் சுவர்தான். கேட்டவருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினேன்.

கணினிச்செல்வன் | 4.09

அப்படியானால் படம் காரணமே இல்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது, இடக்குறிப்பும் போய்விடுகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏற்றினாலும் மற்றவர் இறக்கும் படத்தில் எக்ஸிஃப் இருக்காது. பாலு சொல்வதே சரியாக இருக்கலாம்.

செந்தில்_கோவை | 4.15

சற்றுப் பொறுங்கள். அக்கா, படமாக அனுப்பினீர்களா, டாகுமென்டாக அனுப்பினீர்களா?

தஞ்சைமகள் | 4.17

டாகுமென்டாகத்தான். சங்கிலியில் உள்ள பித்தளை வேலைப்பாடு தெளிவாகத் தெரியவில்லை, டாகுமென்டாக அனுப்புங்கள் என்று அவர்தான் கேட்டார். அது வேறா?

செந்தில்_கோவை | 4.26

வேறுதான் அக்கா, இதுதான் காரணம். டாகுமென்டாக அனுப்பினால் மூலக் கோப்பு ஒரு எழுத்து மாறாமல் அப்படியே போகும். மின்னஞ்சலில் இணைத்தாலும் டெலிகிராமில் ஃபைலாக அனுப்பினாலும் இதே கதைதான். வாங்க வருகிறவர் தெளிவான படம் கேட்பது இயல்பு, அவர் மோசமானவர் என்று சொல்லவும் முடியாது. ஆனால் முகவரியை நீங்களே அவர் கையில் கொடுத்ததாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: கேலரியில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். தேதியும் வரைபடமும் வரும். அங்கே 'எடிட்' அழுத்தினால் இடத்துக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருக்கும், அதைத் தொட்டுச் சேமித்துவிடுங்கள். நிறையப் படங்கள் இருந்தால் விண்டோஸ் கணினியில் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், டீடெயில்ஸ். கீழே தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி ஒன்று இருக்கும். பிறகு கேமரா செயலியின் அமைப்புகளுக்குள் போய் 'லொகேஷன் டேக்ஸ்' என்பதை அணையுங்கள். அதை மட்டும் அணைத்தால் போதும், மேப், ஆட்டோ பிடிக்கும் செயலியெல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும்.

அனுப்பியதை 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசம் உண்டு. ஆனால் அவர் ஏற்கெனவே இறக்கிச் சேமித்திருந்தால் அவர் போனில் அது இருக்கத்தான் செய்யும்.

கணினிச்செல்வன் | 4.31

டாகுமென்ட் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். முக்கால் மணி நேரம் வீண்.

மீனாட்சி_ஆர் | 4.38

பதறிப்போய் எழுதுகிறவரிடம் இப்படிப் பேச வேண்டாம் ஐயா. எது முக்கியமான விவரம் என்று தெரிந்திருந்தால் அவர் இங்கே வந்திருக்கவே மாட்டார்.

ஐபோன்காரர்களுக்கு: படத்தைப் பகிரும்போது மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் லொகேஷனை அணைத்துவிட்டு அனுப்பலாம். நான் என் குழந்தையின் படம் எதையும் அதை அணைக்காமல் அனுப்புவதில்லை.

ராமநாதன்_ஆசிரியர் | 4.50

விவரம் தெரிந்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்காஃபி பெலிஸ் நாட்டுப் போலீசுக்குத் தெரியாமல் மறைந்திருந்தார். உடன் சென்ற பத்திரிகையாளர்கள் ஐபோனில் எடுத்து வெளியிட்ட ஒரு படத்தில் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. அவர் குவாதமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

நெல்லைக்குருவி | 5.12

மனிதர் வீட்டுக்காவது கதவு இருக்கிறது. பறவைக் கூட்டுக்கு என்ன இருக்கிறது? போன வருடம் ஒரு கொம்பன் ஆந்தைக் கூட்டின் படத்தை ஒரு நண்பர் இடத்தோடு போட்டார். அடுத்த ஞாயிறு பாறையடியில் பதினோரு பேர், கையில் கேமராவோடு. தாய் ஆந்தை மாலை வரை கூட்டுக்குத் திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், இன்னும் மனம் ஆறவில்லை. நட்சத்திர ஆமையைப் பிடித்து விற்கிறவர்களுக்கும் இத்தகைய படங்கள்தான் வழிகாட்டி. கூடு, குஞ்சு, ஆமை எதுவானாலும் இடம் போடவே கூடாது.

களப்பதிவு_முருகேசன் | 5.30

போடவே கூடாது என்றால் ஏற்க முடியாது. இடம் இல்லாத பதிவு ஆய்வுக்கு உதவாது. ஒரு குளத்தை மண் கொட்டி மூடும்போது இங்கே இன்ன பறவை வந்தது என்று எதை வைத்து வாதாடுவீர்கள்? ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை அவர்களே மங்கலாக்குகிறார்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் பொதுமக்களுக்குத் தெரியும்.

நெல்லைக்குருவி | 5.41

அங்கே மங்கலாக்குவார்கள் சரி. அதே மூலப்படத்தை மாலையில் நூறு பேர் உள்ள குழுவுக்கு டாகுமென்டாக அனுப்புகிறீர்களே, அதை யார் மங்கலாக்குவது?

களப்பதிவு_முருகேசன் | 5.58

அது நியாயமான கேள்வி. எங்கள் குழுவில் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இன்றே பேசுகிறேன். ஆனால் பதிவில் இடம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

பாலு_மன்னை | 6.20

வாக்காளர் பட்டியலையும் யாராவது யோசியுங்கள்.

செந்தில்_கோவை | 7.45

அக்கா, நீக்க முடிந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்?

தஞ்சைமகள் | புதன், காலை 9.02

நன்றி தம்பி. கழித்தல் குறி வேலை செய்தது. மொத்தம் 41 படங்கள், எல்லாவற்றிலும் எங்கள் வீடு இருந்தது. விளம்பரத்தை எடுத்துவிட்டேன். ஊஞ்சலை இப்போதைக்கு விற்கப்போவதில்லை, அம்மா வேண்டாம் என்கிறார். நேற்று இரவு அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

மீனாட்சி_ஆர் | 9.15

நல்லது. இதே செயலியில் முன்பு வேறு ஏதாவது விற்றிருக்கிறீர்களா? அப்போதும் யாருக்காவது டாகுமென்டாக அனுப்பினீர்களா?