ஆஸைத் தனியாக எண்ணாமல் விட்ட அந்தக் கை

ரீனோ நகரச் சூதாட்ட விடுதியில், 52 சீட்டுள்ள ஒற்றைக் கட்டு பிளாக்ஜாக் மேசை, மதிய நேரம், சீட்டுப் போடும் டீலரும் நானும் மட்டும். 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் ஆட்டம் இது. கட்டில் பெரிய சீட்டு மிஞ்சுகிறதா என்று அறிய, வெளியே வரும் சீட்டுகளை அப்போது ஹை-லோ முறையில்தான் எண்ணுவேன். 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு. பத்து மதிப்புச் சீட்டோ (10, ஜாக், ராணி, ராஜா) ஆஸோ வந்தால் ஒன்று கழி. 7, 8, 9 கணக்கில் இல்லை. பாதிக் கட்டு தீர்ந்த நேரத்தில் டீலர் ஆஸைத் திறந்து வைத்து "இன்சூரன்ஸ்?" என்றார். அவருடைய மூடிய சீட்டு பத்து மதிப்புள்ளது என்று வைக்கும் பக்கப் பந்தயம் அது. என் கணக்கு சரியாகப் பூஜ்யம். வேண்டாம் என்றேன். அடியில் ராஜா; ஆஸும் பத்தும் சேர்ந்து அவருக்கு பிளாக்ஜாக். என் 20 போயிற்று.

ஒரு கை தோற்றது பெரிய விஷயமில்லை, டீலர் கையில் இருந்தது நான்காவது ஆஸ் என்பதுதான் உறுத்தியது. அறைக்கு வந்ததும் தாளில் போட்டுப் பார்த்தேன். வெளியே வந்தவை 26 சீட்டு. அதில் நாலு ஆஸ், 7-8-9 வழக்கம்போல் ஆறு என்று வைத்துக்கொண்டால், கணக்கு பூஜ்யமாக வருவதற்குச் சின்னச் சீட்டு பத்தும் பத்து மதிப்புச் சீட்டு ஆறும் வந்திருக்க வேண்டும். அப்படியானால் நான் பார்க்காத 26 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 10. இன்சூரன்ஸ் ஒன்றுக்கு இரண்டு தருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் இருந்தாலே லாபம். இங்கே பத்து முறை இரண்டிரண்டாக 20 வரும், பதினாறு முறை ஒவ்வொன்றாகப் போகும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்க வேண்டிய இன்சூரன்ஸ் அது!

பந்தயத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்கும்போது ஆஸைப் பத்தோடு சேர்ப்பது சரி, பிளாக்ஜாக் விழுவதே ஆஸால்தான். இன்சூரன்ஸுக்கோ அது பத்தில்லாத இன்னொரு சீட்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆஸைப் பூஜ்யமாக வைக்கும் ஹை-ஆப்ட் முறைக்கு மாறி, வந்த ஆஸ்களை மேசைக்கடியில் கால் வைக்கும் நிலையால் குறித்துக்கொள்கிறேன். 13 சீட்டுக்கு ஓர் ஆஸ் என்பது சராசரி. பாதிக் கட்டு போயும் ஒன்றுகூட வரவில்லையென்றால் பாக்கிக் கட்டில் சராசரியைவிட இரண்டு ஆஸ் கூடுதல். பந்தயம் வைக்கும்போது மட்டும் கணக்கில் இரண்டைக் கூட்டுவேன். சீட்டு கைக்கு வந்ததும் அந்த இரண்டை விட்டுவிட வேண்டும். இது பழக எனக்குப் பல மாதம் ஆனது.

பதில்:
அண்ணா, எனக்கு இது புரிந்தது 7-இல். ஒற்றைக் கட்டில் 7,7 கையில், எதிரே டீலரிடம் 10. மற்ற 14-களுக்குச் சீட்டு கேட்கிற நான் அதற்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். 14-ஐ 21 ஆக்குவது 7 மட்டுமே. இரண்டு என் கையிலேயே இருக்க, பாக்கி இரண்டுதான். அதனால் சீட்டு எண்ணாமல் ஆடும் அடிப்படை ஆட்டத்திலேயே அங்கே மேலும் சீட்டு கேட்காமல் நிற்கச் சொல்கிறார்கள். இப்போது வேறு 14 வந்தாலும் எத்தனை 7 போயிற்று என்று ஒரு கண் வைத்திருக்கிறேன்.

பதில்:
நான் ஆடுவது ஆறு கட்டு ஷூவில், அதாவது ஆறு கட்டுகளைச் சேர்த்து வைத்துச் சீட்டு எடுக்கும் பெட்டியில். அங்கே ஆஸையும் தனியாக எண்ணப் போய், மூலக் கணக்கையே இருமுறை தவறவிட்டேன். கிடைக்கும் கூடுதல் லாபம் சிறியது, தவறினால் போவது பெரியது. விட்டுவிட்டேன்.

முதலில் எழுதியவர்:
சரியான முடிவு தம்பி. ஆறு கட்டென்றால் நானும் ஹை-லோவோடுதான் உட்காருவேன்.