ஸ்கூட்டில ஆயில் ஒழுகுது, என்ஜின் இறக்கணும்ங்கறாங்க, நிஜமா?

மதுரைமல்லி:
வணக்கம். என்னோடது 110சிசி ஸ்கூட்டி, 2020 மாடல், நாப்பதாயிரம் கிமீ தாண்டிருச்சு. எந்தக் கம்பெனினு சொன்னா இங்க சண்டைதான் வரும், அதனால விட்டுறேன். கொஞ்ச நாளாவே ராத்திரி நிறுத்திட்டு காலைல எடுத்தா டைல்ஸ்ல ஒரு ரூபா காசு அளவுக்கு கருப்பா எண்ணெய் கிடக்கு, இடது பக்கம், பின்சக்கரத்துக்கு கிட்ட. தெருமுனை மெக்கானிக் குனிஞ்சு பாத்துட்டு ஆயில் இறக்குற ட்ரெய்ன் போல்ட்டுதான்க்கா லூசுனு ஸ்பேனர்ல பைப்ப மாட்டி இறுக்கி விட்டாரு, மறுநாளும் அதே எண்ணெய். அப்புறம் பெரிய சர்வீஸ் சென்டர்ல காட்டுனா ஒரு கவரக்கூட கழட்டல, கிராங்க் சீல் (என்ஜின் தண்டு வழியா எண்ணெய் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையமாம்) போயிருச்சு மேடம், என்ஜின் இறக்கணும், ஆறாயிரம் ஆகும்னுட்டாங்க. புகை வரல, மைலேஜ் குறையல, பிக்கப்பும் அப்படியேதான் இருக்கு. பாப்பாவ இதுலதான் ஸ்கூலுக்கு கூட்டிட்டு போறேன். நிஜமாவே இறக்கணுமா? அதுவரைக்கும் ஓட்டலாமா?

அனபாண்ட்_ராஜா:
அக்கா எதுக்கு ஆறாயிரம், ஈரமா இருக்கற இடத்த துடைச்சுட்டு எம்சீல் பிசைஞ்சு அப்பிருங்க, இல்லனா அனபாண்ட் பேஸ்ட் (கசிவ அடைக்கற பசை) ஒரு ட்யூப் வாங்கி சுத்தி தடவுங்க. நம்ம வண்டி அப்படித்தான் ஓடிட்டு இருக்கு 😀

ஸ்பேனர்_நெல்லை:
ராஜா தம்பி, உன் வண்டிய நீ ஓட்டு, அடுத்தவங்களுக்கு சொல்லாத. எண்ணெய்ப் பிசுக்கு மேல எம்சீல் நிக்கவே நிக்காது, அனபாண்ட அள்ளி அப்புனா உள்பக்கம் பிதுங்கி பிசிறு பிசிறா கழண்டு ஆயில வடிகட்டுற ஸ்ட்ரெய்னர்ல போய் உக்காந்துக்கும், அப்புறம்தான் நிஜமாவே என்ஜின் இறக்கணும்.

தங்கச்சி, கவரே கழட்டாம கிராங்க் சீல்னு எப்படி சொல்லுதாங்கனு எனக்கு தெரியல. முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஸ்கூட்டில ரெண்டு எண்ணெய் இருக்கு. முன்னாடி என்ஜின் ஆயில், 110சிசில மாடலுக்குத் தக்க 650ல இருந்து 800 மில்லி. பின்னாடி சக்கரத்த ஒட்டி சின்ன கியர் பாக்ஸ், அதுக்கு தனியா நூறு நூத்திருபது மில்லி. நடுவுல பெல்ட்டு ஓடுற பெட்டி, அது காஞ்சுதான் இருக்கணும், அதுக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக்கூடாது. பின்சக்கரத்துக்கு கிட்ட சொட்டுதுன்னா என் கண்ணு முதல்ல கியர் பாக்ஸுக்குத்தான் போகும். ஆனாலும் பாக்காம சொல்லக்கூடாது, ஏன்னா வண்டி ஓடும்போது காத்துல எண்ணெய் பின்னால தள்ளிட்டுப் போயி கீழ இருக்கற முனைல வந்துதான் சொட்டும், சொட்டுற இடம் ஒண்ணு கசியுற இடம் ஒண்ணுனு ஆகிப்போகும்.

இப்படி பண்ணுங்க. என்ஜின் நல்லா ஆறுன பிறகு அடிப்பக்கம் பூரா டீசல் தொட்டு பிரஷ் போட்டு பனியன் வேஸ்ட்டால துடைச்சு எடுங்க, பெட்ரோல் வேண்டாம். காஞ்சதும் டால்கம் பவுடர லேசா தூவி விடுங்க, ட்ரெய்ன் போல்ட்டு, ஸ்ட்ரெய்னர் மூடி, என்ஜின் தலைல இருக்கற டாப்பெட் கவர், பெல்ட் கவரோட அடி ஓரம், கியர் பாக்ஸ் எல்லாத்துலயும். தெருவுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து டார்ச் அடிச்சு பாத்தா எங்க பவுடர் கருத்து கோடு இறங்குதுனு தெரிஞ்சிரும். கோட்டோட மேல் நுனிதான் கணக்கு. அந்த ரவுண்டுக்கு பாப்பாவ ஏத்தாதீங்க, மெதுவா போங்க.

அப்புறம் பின்சக்கரத்தோட உள்பக்கம், அதாவது கியர் பாக்ஸ் பாத்த பக்கம், ரிம்முல விரல வச்சு தடவிப் பாருங்க. கருப்பு பிசுபிசுப்பு இருந்தா உடனே இங்க சொல்லுங்க, வண்டிய எடுக்காதீங்க.

கோவை_லேத்:
அந்த பைப் போட்டு இறுக்கின கதைதானுங்க எனக்கு பயமா இருக்கு. போல்ட்டு இரும்பு, கேஸு அலுமினியம். இவ்ளோதான் இறுக்கோணும்னு மானுவல்லயே போட்டிருக்கு, அனேகமா 20-25 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் வரும், அது கை ஸ்பேனருக்கே போதுமுங்க. பைப் மாட்டுனா மரை கழண்டு கையோட வந்துரும். வாரத்துக்கு ரெண்டு கேஸாவது இப்படி நம்ம பட்டறைக்கு வருது. அடுத்த தடவ ஆயில் மாத்தறப்ப போல்ட்டு சிக்குனு நிக்குதா, சும்மா சுத்திட்டே இருக்குதானு பக்கத்துல நின்னு பாருங்க. வாஷர ஒவ்வொரு தடவையும் புதுசா போடச் சொல்லுங்க, பத்து ரூபா சாமான மிச்சம் புடிச்சுட்டு அத மறைக்கத்தான் பைப் போட்டு இறுக்கறாங்க.

இன்னொண்ணு, போன சர்வீஸ்ல என்ஜின் ஆயில் எவ்ளோ ஊத்துனாங்கனு கேளுங்க. வண்டிக்கு 700 மில்லி வேணும்னா 900 மில்லி பாட்டில கவுத்தி ஊத்திட்டு போறவங்க இருக்காங்க. அளவு கூடுனா உள்ள பிரஷர் ஏறி, காத்து வெளிய போற வழியான ப்ரீதர் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள எண்ணெய் போயிரும், சீலும் சீக்கிரம் கக்க ஆரம்பிச்சுரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடில ஒரு சின்ன டியூப்பு தொங்கும், அதுல கருப்பா தேங்கியிருந்தா இதுதானுங்க சங்கதி.

மதுரைமல்லி:
அண்ணா சொன்ன மாதிரியே பண்ணேன், ரொம்ப நன்றி. ட்ரெய்ன் போல்ட்டு கிட்ட பவுடர் வெள்ளையாவே இருக்கு, டாப்பெட் கவரும் சுத்தம், பெல்ட் கவர் ஓரம் காஞ்சிருக்கு, ஏர் ஃபில்டர் டியூப்புலயும் ஒண்ணுமில்ல. ஆனா சக்கரத்தோட உள்பக்க ரிம் முழுக்க கருப்பு பிசுக்கு, டயர் ஓரத்துலயும் கொஞ்சம் இருக்கு. பிரேக் பிடிக்கத்தான செய்யுது, எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே??

ஸ்பேனர்_நெல்லை:
தங்கச்சி வண்டிய அப்படியே நிறுத்துங்க, ட்ரெய்ன் போல்ட்டு, டாப்பெட் கவர், பெல்ட் கவர் எல்லாம் காஞ்சிருக்கறதால இது என்ஜினே கிடையாது. கியர் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு வர்ற ஷாஃப்ட்டுல ஒரு ஆயில் சீல் இருக்கு, அதோட உதடு, அதாவது ஷாஃப்ட்ட ஒட்டி நிக்கற ரப்பர் ஓரம், தேஞ்சிருச்சு. அதுக்கு நேர் வெளிய இருக்கறது பிரேக் ட்ரம். எண்ணெய் முதல்ல ட்ரம்முக்குள்ள இறங்கி, ட்ரம்மோட உரசி சக்கரத்த நிறுத்துற பிரேக் ஷூவ நனைச்சு, மிச்சம்தான் ரிம் வழியா தரைக்கு வருது.

பிரேக் பிடிக்குதேனு கேட்டீங்கல்லா, அதுக்கு காரணம் இருக்கு. 2019 ஏப்ரல்ல இருந்து 125சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம தடுக்கற அமைப்பு) இல்லன்னா, சிபிஎஸ் (ரெண்டு பிரேக்கையும் சேத்து பிடிக்கற அமைப்பு) கட்டாயமாச்சு, உங்க 2020 மாடலும் அதுல வரும். இடது லிவர பிடிச்சா முன் பிரேக்கும் சேந்து பிடிக்கும், அதனால பின்னாடி போனது கைக்கு தெரியாது. சென்டர் ஸ்டாண்டுல போட்டு, சாவி ஆஃப் பண்ணி, பின்சக்கரத்த கையால சுத்தி விட்டு லிவர மெதுவா அமுக்கிப் பாருங்க, வழுக்கி வழுக்கி நிக்கும். மழைல இடது லிவர நம்பி பிடிச்சு முன்சக்கரம் மட்டும் பிடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம்.

வேலை பெருசு கிடையாது. சைலன்சர் கழட்டி, சக்கரம் கழட்டி, ஷூ எடுத்தா சீல் கண்ணுக்கு தெரியும். நிறைய மாடல்ல வெளிய இருந்தே நெம்பி எடுத்துரலாம், சிலதுல கியர் பாக்ஸ் மூடிய திறக்கணும். சீல் நூறு ரூபா சுத்திதான். பக்கத்துல நின்னு இதெல்லாம் பாத்துக்கோங்க: சக்கரத்த கழட்டுறதுக்கு முன்னாடி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டச் சொல்லுங்க, ஆட்டம் இருந்தா பேரிங்கும் மாத்தணும், இல்லன்னா ஷாஃப்ட் ஆடி ஆடி புது சீலையும் சீக்கிரமே தின்னுரும். சீல் ஏறுற இடத்துல ஷாஃப்ட்டுல வரிப்பள்ளம் விழுந்திருக்கானு நகத்தால தடவிப் பாக்கணும். புது சீல் உதட்டுல கொஞ்சம் எண்ணெய் தடவி, சீல் அளவு சாக்கெட் ஸ்பேனர் தலைய வச்சு சமமா தட்டி இறக்கணும், ஸ்க்ரூடிரைவரால ஒரு ஓரத்துல தட்டுனா அங்கயே மடங்கும். கியர் பாக்ஸ் ப்ரீதர் ஓட்டை சேறு அடைச்சிருந்தா குத்தி விடச் சொல்லுங்க, காத்து வெளிய போக வழியில்லன்னா சீல் வழியாத்தான் தள்ளும்.

ஷூ கண்டிப்பா புதுசு. தீயில காட்டி எண்ணெய எரிச்சு, உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப மாட்டுவாங்க, ஒத்துக்காதீங்க, ஊறுன லைனிங் ஊறுனதுதான், சூடானா திரும்ப கசியும். ட்ரம்ம மட்டும் பிரேக் கிளீனர் போட்டு துடைச்சா போதும்.

கடைசியா புது கியர் ஆயில், மானுவல்ல எத்தனை மில்லி போட்டிருக்கோ அத்தனைதான். மருந்து ஊத்துற அளவு மூடியால அளந்து ஊத்தச் சொன்னா சிரிப்பாங்க, சிரிச்சா சிரிக்கட்டும்.

பள்ளிக்கரணை_வாசி:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல என் ஸ்கூட்டி பாதி முழுகிருச்சு, எனக்கும் இதே இடத்துலதான் லீக், ஆனா எண்ணெய் கருப்பா இல்லாம பால் காபி கலர்ல வந்துச்சு. அது தண்ணி கலந்ததாம். ப்ரீதர் வழியா உள்ள போயி அளவு ஏறி வழிஞ்சிருக்கு, சீல் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ புது ஆயில் ஊத்தி அலசி எடுத்தாங்க. வெள்ளத்துல நின்ன வண்டினா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு ஆயிலையும் இறக்கிப் பாக்கறது நல்லது.

மதுரைமல்லி:
முடிஞ்சது. வேற மெக்கானிக்க வீட்டுக்கே வரச் சொன்னோம். ட்ரம்ம திறந்ததும் உள்ள கருப்பு குழம்பு, ஷூ ரெண்டும் சொதசொதனு இருந்துச்சு. சீல் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுப் போயிருந்துச்சு. பேரிங்ல ஆட்டம் இல்ல. சீல், ஷூ, கியர் ஆயில், கூலி எல்லாம் சேத்து ஆயிரத்துக்குள்ள வந்துருச்சு. ஷூ புதுசா இருக்கறதால கொஞ்ச தூரம் ஓடி செட் ஆகணும், அப்புறம் கேபிள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கனு சொன்னாரு.

லேத் அண்ணா, நீங்க சொன்னது நடந்தே போச்சு, என்ஜின் ஆயில் மாத்தும்போது ட்ரெய்ன் போல்ட்டு பிடிக்காம சுத்திட்டே இருக்கு. டெஃப்லான் டேப் சுத்தி மாட்டி வச்சிருக்காரு. இது தாங்குமா?

கோவை_லேத்:
தாங்காதுங்க, சூட்டுல எப்பவாச்சும் போல்ட்டே கழண்டு விழுந்தா மொத்த ஆயிலும் ரோட்டுலதான். பக்கத்துல நல்ல லேத்து பட்டறைல ஹெலிகாயில் போடுவீங்களானு கேளுங்க, பழைய மரைய வெட்டி எடுத்துட்டு உள்ள ஸ்டீல் காயில் மரை ஏத்தறது, ஒரிஜினல் போல்ட்டே திரும்ப உக்காரும். பெரிய சைஸ் போல்ட்டு போட்டுத் தர்றேன்னா வேண்டாம்னுருங்க, கேஸுல சதை குறைஞ்சு விரிசல் விட வாய்ப்பிருக்கு. மரை வெட்டறப்ப வெட்டற கருவில (அதுக்கும் பேரு டேப்புதானுங்க) கிரீஸ் தடவித்தான் வெட்டோணும், அலுமினியத் தூள் அதுல ஒட்டிக்கும். முடிச்சதும் ஸ்ட்ரெய்னர கழட்டி கழுவி, விலை கம்மியான ஆயில் கொஞ்சம் ஊத்தி அப்படியே வடிய விட்டுட்டு, அப்புறமா நல்ல ஆயில் ஊத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் பஸ்ல போங்கம்மா.