புதுப்பிப்பு: அப்பாவின் இடுப்பு வலி சிகிச்சையும் காப்பீட்டுத் தொகையும்

அப்பாவின் நாள்பட்ட இடுப்பு வலிக்குச் செய்த ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்ளேஷனுக்கு (வலி நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை), 24 மணி நேரம் உள்நோயாளியாக இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்ததை இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். இப்போது தொகையின் பெரும்பகுதி வந்துவிட்டது.

சிக்கல் டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருந்தது. அதில் ‘முதுகில் ஊசி’ என்ற பொருளில் ஒரே வரி இருந்ததால், அதை வெளிநோயாளி சிகிச்சையாக எடுத்துக்கொண்டார்கள். முள்ளெலும்பு மூட்டிலிருந்து வலியைக் கடத்தும் நரம்பு, அறுவை அரங்கில், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்பட்டது என்று மருத்துவர் விரிவாக எழுதித் தந்த பிறகு, பாலிசியில் உள்ள டே கேர் விதியை (மருத்துவமனையில் 24 மணி நேரம் தங்கத் தேவையில்லாத சிகிச்சைகளுக்கும் பணம் உண்டு என்பது) காட்டி மறுபரிசீலனை கேட்டேன்.

மறுப்புக் கடிதம் எந்த விதியின்படி என்று குறிப்பிடவில்லை; காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024-ஆம் ஆண்டு சுற்றறிக்கையின்படி அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்பதையும் சேர்த்தேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாக இருந்தேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் அங்கே போகத் தேவை ஏற்படவில்லை.

சோதனைக்காக முன்னர் போட்ட நரம்பு ஊசியின் செலவை மட்டும் தரவில்லை. அந்த ரசீதில் தேதியே இல்லை. அது என் கவனக்குறைவு.