வலிப்பு நின்று 7 வருஷம் ஆச்சு, மாப்பிள்ளையிடம் சொல்லணுமா?

முளைப்பாரி:
வயது 27. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில், காலை பிரேயரில் நிற்கும்போது முதல் வலிப்பு வந்தது. கண் முழித்தபோது கையில் பள்ளிக்கூடத்துப் பீரோ சாவிக்கொத்து. உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்த தடம் ரெண்டு நாள் இருந்தது. அதற்கப்புறம் மதுரையில் நரம்பு டாக்டர், இ.இ.ஜி., காலையும் ராத்திரியும் மாத்திரை. கடைசியாக வந்தது 20 வயதில். டாக்டர் நாலைந்து வருஷம் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தியே ரெண்டு வருஷம் ஆகிறது.

இது ஊருக்கு எட்டவில்லை. இந்த வருஷம் அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டேன். பத்து நாள் இருட்டறையில் தண்ணீர் தெளித்து நான் வளர்த்த பயிர். தலையில் தூக்கி வைக்கும் நேரத்தில் பெரியம்மா சட்டியை வாங்கிக்கொண்டார். "நீ வேண்டாம் தாயி. கூட்டத்துல விழுந்துட்டா சட்டி உடைஞ்சிரும், சாமி குத்தமாயிரும்." திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். சட்டி சித்தி மகள் தலையில் போனது. நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கோவில்பட்டியில் ஒரு வரன். போனில் ரெண்டு தடவை பேசினோம், நல்ல மாதிரியாகத் தெரிகிறார். "வாயைத் திறந்துடாதே" என்கிறார் அம்மா. உங்களில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்?

ரெண்டுபிள்ளைக்காரி:
தங்கச்சி, நான் சொல்லாமல் கட்டிக்கொண்டவள். மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட்டேன். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில் நாலு வேளை விட்டுப்போய், மாமியார் கண் முன்னாலேயே வந்துவிட்டது. வலிப்புக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறைத்ததற்குத்தான் ரெண்டு வருஷம் பேச்சு வாங்கினேன். அப்புறம் இன்னொன்று, பிள்ளைக்கு முன்னால் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். நான் சாப்பிட்ட வால்ப்ரோயேட் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வேறு மாத்திரைக்கு மாற்றி, ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்தார்கள். ரெண்டுமே சுகப்பிரசவம்.

கறுப்புக்கோட்டு:
இந்து திருமணச் சட்டத்தில் முன்பு வலிப்பும் ஒரு தடையாக இருந்தது. 1999 திருத்தத்தில் அந்த வார்த்தையையே எடுத்துவிட்டார்கள். அதனால் வலிப்பு இருந்தது என்பதை மட்டும் காட்டி யாரும் கல்யாணத்தை உடைக்க முடியாது. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றினார்கள் என்று 12ஆம் பிரிவில் வழக்குப் போட இடமிருக்கிறது. ஜெயிப்பார்களா என்பது வேறு விஷயம், கோர்ட் வராண்டாவில் காத்துக் கிடக்கப் போவது நீங்கள்தானே. சொல்வதாக இருந்தால் நிச்சயத்துக்கு முன்னால், நேரடியாக அவரிடமே சொல்லுங்கள். புரோக்கர் வழியாகப் போனால் அது 'காக்கா வலிப்பு, மாசத்துக்கு நாலு தடவை' என்று போய்ச் சேரும்.

மேலூரான்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 7 வருஷமாக இல்லாத ஒன்றை என்னவென்று சொல்வது? மாப்பிள்ளை வீட்டார் சர்க்கரை, பிரஷர் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டா பெண் கேட்க வருகிறார்கள்?

முளைப்பாரி:
அண்ணே, எனக்கும் அதே கோபம்தான். ஆனால் ரெண்டுபிள்ளைக்காரி அக்காவின் அரிசி டின் மனசை விட்டுப் போகவில்லை. நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். பிரேயரில் விழுந்ததிலிருந்து மாத்திரை நிறுத்தியது வரை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் கேட்டார், "மறுபடி வந்தா நான் என்ன செய்யணும்?" ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, மணி பார்க்கணும், 5 நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும் என்றேன்.

"சாவி?" என்றார்.

"சாவி வேண்டாம்."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை.