இருவர் பேசும் காட்சி நகராமல் நிற்பது ஏன்?

ஆற்றங்கரைவாசி:

மேடை நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் திருநெல்வேலிப் பக்கம் கோரைப் பாய்க்குப் பெயர்போன பத்தமடை. சென்னையில் வேலை பார்க்கும் மகன், பூர்வீக வீட்டை விற்பதற்குக் கையெழுத்து வாங்க வருகிறான். பாய் நெய்யும் உம்மா மறுக்கிறாள். நாடகத்தின் உயிரே இந்தக் காட்சிதான் என்றாலும், முதல் ஒத்திகையில் நடிகர்களே இடையிடையே கைபேசியைப் பார்த்தார்கள். மகன் தன் கடனைச் சொல்கிறான், உம்மா தான் பட்ட பாட்டைச் சொல்கிறாள், இறுதியில் அழுகிறாள். நான்கு பக்கத்திலும் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சவசவவென்று இருக்கிறது. வட்டார வழக்கு போதவில்லையோ என்ற ஐயமும் உண்டு.

பாளைக்காரன்:

வழக்கில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இருவரும் மனத்தில் இருப்பதை முழுவதுமாகச் சொல்லிவிடுவதால், பார்ப்பவருக்கு ஊகிக்க எதுவும் மிஞ்சவில்லை. நம் பக்கத்து வீடுகளில் சொத்துப் பேச்சை வாசலில் செருப்பைக் கழற்றியதும் எவரும் எடுப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார்கள், யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாகும்போதுதான் விஷயம் மெல்ல வெளியே வரும். மகன் அன்றிரவே திருநெல்வேலி ஜங்ஷனில் சென்னைக்குப் போகும் நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவன் என்று வைத்துக்கொண்டால், அவன் ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு நட்டம்.

அடுத்து, உம்மாவின் கைகள் ஏன் சும்மா இருக்கின்றன? பத்தமடையில் மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்யும் கல்யாணப் பாய் உண்டு. அப்படி ஒரு பாய் தறியில் பாதியில் நிற்கட்டும். ஈரக் கோரை காய்வதற்குள் நெய்தாக வேண்டும் என்பதால், மகனை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்கு அவளுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது.

வழக்கைப் பொறுத்தவரை, விளிச்சொல்லும் வினைமுற்றும் சரியாக அமைந்தால் போதும். “சோறு தின்னியா வாப்பா?” என்று பெற்ற மகனையே வாப்பா, அதாவது அப்பா, என்று அழைக்கும் ஒரு வரி, அவளுடைய பாசத்தைப் பற்றிய அரைப் பக்க வசனத்தை மிச்சப்படுத்தும்.

திரைச்சீலை:

பாளைக்காரன் சொல்வது சிறுகதைக்குப் பொருந்தும், மேடைக்கு அரைகுறை. தரையோடு கிடக்கும் தறியில் என்ன எழுத்து விழுகிறது என்பது மூன்றாம் வரிசையில் இருப்பவருக்கே தெரியாது. மேடையில் ஒரு பொருள் கை மாற வேண்டும், அல்லது வாய்வழியாகக் காதில் விழ வேண்டும். மணமக்களின் பெயர் எழுதிய தாளை மகனிடம் நீட்டி, கண் மங்கிவிட்டது, வாசித்துச் சொல் என்று அவள் கேட்கட்டும். பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத இருவருடைய பெயர்களை எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டிய நிலைக்கு அவன் வந்துவிடுவான். (அவளுக்கு உண்மையிலேயே கண் மங்கிவிட்டதா என்பதை நடிகையிடம் மட்டும் சொல்லுங்கள்.)

குறுக்குத்துறை:

அழுகையைப் பற்றி ஒரு சொல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நான்கு நான்காக வகுக்கிறது. அழுகைக்குரியவை இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெட்டுத் தளர்தல்), வறுமை. உங்கள் உம்மா வீட்டை இழக்கப் போவதால், அதாவது இழவால், அழுகிறாள்; அதை எவரும் முன்கூட்டியே எதிர்பார்ப்பார்கள். “இந்தப் பாய்க்கு என்ன கிடைக்கும் உனக்கு?” என்று மகன் வாய்தவறிக் கேட்டுவிட்டால், அந்தக் கண்ணீர் இளிவில் பிறந்ததாகிவிடும், அதன் பாதி வெகுளியாகவும் மாறும். வசனம் ஒன்றுதான் கூடுகிறது, ஆனால் பாத்திரமே வேறாகிறது. என்னைக் கேட்டால், அப்படிக் கேட்ட பிறகு அவள் அழவே வேண்டியதில்லை.

ஆற்றங்கரைவாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று மாற்றி எழுதி ஒத்திகை பார்த்தோம். மகனாக நடிப்பவர் தாளை வாசித்துக்கொண்டே வந்து, பாதிப் பெயரில் நிறுத்தி, “உம்மா, அந்த வீடு…” என்று தொடங்கினார். உம்மாவாக நடிப்பவர் தலை நிமிராமல், “அடுத்த எழுத்து என்ன?” என்றார். அது என் பிரதியில் இல்லாத வரி, சேர்த்துக்கொண்டேன். கைபேசியை எவரும் எடுக்கவில்லை. அழுகையை நீக்கியாயிற்று. அவள் கையெழுத்துப் போடுகிறாளா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.