ஓஎஸ்ஐயின் ஐந்தாவது, ஆறாவது அடுக்கை எப்படி நடத்துகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் பாடம் எடுக்கிறேன். போன வாரம் நெட்வொர்க் தொடர்பை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்கை நடத்தி முடித்து, கண்ணால் காட்டலாமே என்று நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். ஒரு பாக்கெட்டை விரித்தால் ஈதர்நெட், ஐபி, டிசிபி, டிஎல்எஸ் (குறியாக்க நெறிமுறை) என்று வரிசையாக வந்தது. “சார், செஷனும் பிரசென்டேஷனும் எங்கே?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அவைதான் ஐந்தாவது, ஆறாவது அடுக்கு. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், மனசு ஒப்பவில்லை.

வரலாறு தெரியும். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றே, இன்றைய இணையம் ஓடும் டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வெளிவந்தது 1984-இல். இந்தப் பக்கம் நம்பகமான இணைப்புக்கு டிசிபி ஒன்று. அந்தப் பக்கம் ஓஎஸ்ஐயில் டிரான்ஸ்போர்ட் அடுக்குக்கு டிபி0 முதல் டிபி4 வரை ஐந்து வகுப்புகள். (கமிட்டி கூடி எழுதினால் இப்படித்தான்!) ஆனாலும் ஓஎஸ்ஐ அடியோடு தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காகப் பிறந்த ஐஎஸ்-ஐஎஸ் என்ற ரூட்டிங் நெறிமுறை இன்றும் பெரிய ஐஎஸ்பிகளில் ஓடுகிறது, அதுவும் ஐபி ஹெடரே இல்லாமல் நேராக ஈதர்நெட் மேல்.

சரி, கேட்க வந்தது இதுதான். டிஎல்எஸ்ஸை எந்த அடுக்கில் வைத்து நடத்துகிறீர்கள்? குவிக் என்ற புது நெறிமுறை வந்தபின் இன்னும் சிக்கல்: யுடிபி மேல் உட்கார்ந்துகொண்டு டிரான்ஸ்போர்ட் வேலையையும் குறியாக்கத்தையும் சேர்த்தே செய்கிறது. தேர்வில் கேட்பதோ ஏழு அடுக்குதான்.

அப்புறம், இரண்டு விர்ச்சுவல் மெஷினில் எஃப்ஆர்ரூட்டிங் (ரூட்டர் மென்பொருள்) போட்டு ஐஎஸ்-ஐஎஸ் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டியவர்கள் இருந்தால், கான்ஃபிக் பகிர முடியுமா? திங்கட்கிழமை லேப் இருக்கிறது.